கூடி வந்த ஆயுள்: மலையகத்தில் நீண்டு வாழ்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் டிவிஷன் முதியோர் சங்கத்தின் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. படிவம் நிரப்புவது, கடிதம் எழுதுவது, கிளினிக் கொப்பியில் இருப்பதை வாசித்துச் சொல்வது, அவ்வளவுதான். அப்படி உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்கள் கேட்பதும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற அவர்களுடைய பிள்ளைகள் போனில் கேட்பதும்தான் கீழே இருக்கிற கேள்விகள். மருந்து மாத்திரை பற்றி என்றால் டொக்டரைக் கேளுங்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு, நிறையக் கதை.

டீச்சர், அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் 42 என்கிறார்களே, எல்லாரும் நாற்பதிலேயே செத்துப்போனார்களா?

இல்லை. 1946இல் இலங்கையில் பிறந்த ஒரு குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 42, 43 வருடம் என்பது சரிதான். ஆனால் அது சராசரி. ஒரு வீட்டில் பத்துப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள் பிறந்த சில நாளிலேயே போய்விடுகின்றன. மற்ற ஏழு பேரும் அறுபது வயது வரை இருந்து போகிறார்கள். ஏழு அறுபது 420. பத்தால் பிரித்தால் 42. அந்த வீட்டில் நாற்பத்திரண்டு வயதில் ஒரு சாவுகூட நடக்கவில்லை.

இது நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு. உண்மை நிலவரமும் ரொம்பத் தள்ளி இல்லை. 1946இல் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 ஒரு வயதைத் தாண்டவில்லை. ஏழுக்கு ஒன்று. இன்றைக்கு அது ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே. 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று சுமார் 30.

அதனால் இன்றைக்கு 77 என்று சொல்கிற ஆயுளில் பெரும்பகுதி கிழவன் கிழவிக்குக் கொடுத்த வைத்தியத்தால் வந்ததாக நினைக்க வேண்டாம். அதை மருத்துவச்சியும் தடுப்பூசியும் கொதித்தாறிய தண்ணீரும் தொட்டில் பக்கம் நின்று சேர்த்துக் கொடுத்தன. என் அம்மாவோடு பிறந்தவர்கள் எட்டுப் பேர். மூன்று பேருக்குப் பெயரே வைக்கவில்லை. மிச்ச ஐந்து பேரில் நாலு பேர் எழுபதைத் தாண்டினார்கள்.

ஒரே வருடத்தில் எட்டு ஒன்பது வயது கூடியதாமே, டி.டி.டி. கொசு மருந்து அடித்ததாலா?

உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம் இது. 1946க்கும் 1947க்கும் இடையில் ஆண்களின் ஆயுள் 44இலிருந்து 53க்குப் பக்கமாகவும் பெண்களின் ஆயுள் 42இலிருந்து 51க்கும் ஏறியது. ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் 14க்கு இறங்கியது. அந்த நேரத்தில்தான் நாடு முழுக்க வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். 1934–35இல் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோன மலேரியாவை அது அடக்கியது என்பதில் சந்தேகமே இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

ஆனால் நம் மலையில் அந்தக் காய்ச்சல் பெரிதாக இருந்ததே இல்லை. மலேரியாக் கொசுவுக்கு நுவரெலியாக் குளிர் ஒத்துக்கொள்ளாது. கேகாலை, குருநாகல் பக்கம் ஊர் ஊராகச் சரிந்தபோது மேல்மலைத் தோட்டங்கள் ஓரளவு தப்பித்தன. ஆகவே டி.டி.டி. மட்டும்தான் காரணம் என்று சொல்கிறவர்களுக்கு மலைநாடு ஒரு சங்கடமான கேள்வி. யுத்தம் முடிந்து அரிசி வந்தது, கிராமங்களில் ஆஸ்பத்திரிகள் திறந்தார்கள், எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார் கூடினார்கள். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பொருளாதாரம் படித்தவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

அப்படியென்றால் மலையகம் மட்டும் ஏன் பின்னால் நின்றது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. ஆள் செத்தால் முன்பணமாகக் கொடுத்த காசும் போகிறது, வேலையும் நிற்கிறது. அதனால் 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதாவது சிங்களக் கிராமத்துக்குக் கிடைக்காத ஒரு வைத்திய ஏற்பாடு தோட்டத்துக்கு முதலில் கிடைத்தது என்றும் சொல்லலாம். 1916இல் கொக்கிப்புழுவை ஒழிக்கிற திட்டத்தை மாத்தளைத் தோட்டங்களில்தான் தொடங்கினார்கள். பரிசோதித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வயிற்றில் புழு. கக்கூஸ் இல்லை, காலில் செருப்பு இல்லை. புழு இரத்தத்தை உறிஞ்ச, ஆள் வெளுத்துப்போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்.

ஆக, தொடக்கத்தில் நாம் பின்னால் நிற்கவில்லை. பின்னால் தள்ளியது பிறகு நடந்தது. 1931இல் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. வாக்கு இருக்கிற ஊருக்கு ஆஸ்பத்திரி வரும், பள்ளிக்கூடம் வரும், ரோடு வரும். அரசியல்வாதி யாரும் நல்லவராக இருக்கத் தேவையில்லை, அடுத்த தேர்தலில் ஜெயிக்க ஆசை இருந்தால் போதும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தமும் நம்மில் பெரும்பாலானவர்களின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் எடுத்துவிட்டன. அதற்குப் பிறகு நம்முடைய வைத்தியம் தோட்டத்தை நடத்துகிற துரையின் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு. ஆயிரம் பேருக்கு ஒரு டிஸ்பென்சரி, அதில் ஒரு மருந்துக்காரர், எல்லா நோய்க்கும் ஒரே நிறத்தில் ஒரு தண்ணி மருந்து. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்ததே 1970களில்தான்.

1974ஐ நான் பத்து வயதில் பார்த்தேன். அரிசி இல்லை, மாவு இல்லை, பாண் கிடைக்காது. கிராமத்தில் இருப்பவருக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது, மரவள்ளி போட்டார், பலா இருந்தது. நமக்குத் தேயிலைத் தூர்தான் இருந்தது. தோட்டங்களில் சாவு கூடியது, நாட்டின் மற்ற இடங்களைவிட மிகக் கூடுதலாக. எங்கள் தொங்கல் லயத்தில் (லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்) ஒரு தாத்தா தன் பங்கு ரொட்டியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு “எனக்குப் பசிக்கல” என்பார். தினமும் அதையேதான் சொன்னார். அந்த வருடம் முடியவில்லை, அவர் முடிந்துவிட்டார்.

அதன் பிறகுதான் மெதுமெதுவாக ஏற்றம். மருத்துவச்சி லயத்துக்கு வரத் தொடங்கினார், பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது, திரிபோஷா சத்துமா வந்தது, குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் தடுப்பூசி போட்டார்கள். 2017இல் திறந்த டிக்கோயா ஆஸ்பத்திரி மாதிரியான கட்டடங்கள் எல்லாம் வெகு பிந்தியவை. நாட்டின் சராசரியோடு நமக்குள்ள இடைவெளி குறைந்திருக்கிறது, மூடவில்லை.

எங்கள் அம்மாயிக்குத் தொண்ணூற்றெட்டு வயது என்கிறார்கள், நம்பலாமா?

நம்பலாம், கொஞ்சம் கழித்துக்கொண்டு. அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வயதை நிகழ்ச்சிகளை வைத்துத்தான் கட்டுவார்கள். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது (1942) நான் கைப்பிள்ளை என்பார் ஒருவர், பெரிய வெள்ளம் வந்த வருடம் (1947) நடக்கத் தொடங்கினேன் என்பார் இன்னொருவர், ராணி வந்தபோது (1954) பேர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போனேன் என்பார் வேறொருவர், இப்படி. இதை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று வருடத்துக்குள் பிடித்துவிடலாம். என்னிடம் இந்த வருடங்களை எழுதிய ஒரு தாளே இருக்கிறது.

பெரியவர்களிடம் வயதைக் கேட்டால் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று ஐந்திலும் பூச்சியத்திலும் முடிகிற எண்ணாகத்தான் சொல்வார்கள். இது நம்மவர் பழக்கம் மட்டும் இல்லை, குடிசனமதிப்பு எடுக்கிற பல நாடுகளிலும் தெரிந்த சங்கதி. பேரன் பேத்தி எடுத்த பிறகு வயது கொஞ்சம் வேகமாகவும் ஏறும். எண்பதைத் தாண்டினால் மரியாதை கூடுகிறது, யார்தான் குறைத்துச் சொல்வார்?

கதைக்கு இது பரவாயில்லை, காகிதத்துக்கு உதவாது. உதவிப் பணம், முதியோர் அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் வயதை நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவு கிடைக்காதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் பதிவாளரைக் கேளுங்கள், பழைய பாடசாலைப் பதிவோ ஞானஸ்நானப் பதிவோ தோட்டத்துச் செக்ரோலில் (வேலை, சம்பளப் பதிவேடு) பேர் போட்ட பதிவோ எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள். ஆள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே செய்யுங்கள். படுக்கையில் விழுந்த பிறகு பத்துப் பேர் எட்டுத் திசைக்கு ஓட வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்து ஆட்கள் நம்மைவிடத் திடமாக இருந்தார்களே?

நீங்கள் பார்த்தது மிஞ்சியவர்களை. திடம் இல்லாதவர்கள் உங்கள் கண்ணில் படுகிற வயதுக்கு வரவே இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் நடந்தார்கள், தேத்தண்ணிக்கு ஒரு கடி கருப்பட்டிதான், இரண்டு கரண்டி சீனி இல்லை. இப்போது மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, பிளேன்டி, கருவாட்டு உப்பு. கிளினிக் நாளில் பிரஷருக்கும் சீனிக்கும் நிற்கிற வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

வெற்றிலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்பதில்லை என்பதால். கொழுந்து எடுக்கும்போது குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். நம் தோட்டத்தில் பெண்களும் அதே பையை மடியில் கட்டியிருக்கிறார்கள். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டுங்கள். என் சித்தி காட்டவில்லை.

முன்பு ஆண்கள் கூட நாள் இருந்தார்கள், இப்போது பெண்கள். ஏன்?

1960கள் வரை இந்த நாட்டில் பெண்களின் ஆயுள் ஆண்களைவிடக் குறைவு. பிரசவத்தில் போனார்கள், இரத்தசோகையில் போனார்கள், வீட்டில் கடைசியாக மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டார்கள். பிரசவம் பாதுகாப்பானதும் அவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். 2011–13 கணக்கில் ஆண்களுக்கு 72, பெண்களுக்கு 78.6. ஆறு வருடத்துக்கு மேல் வித்தியாசம்.

ஆண்கள் பக்கம் சாராயம், கசிப்பு, பீடி, நெஞ்சுவலி. ஒரு காலத்தில் தற்கொலையும் இந்த நாட்டில் பயங்கரமாக இருந்தது. 1995இலிருந்து கடும் நச்சுள்ள விவசாய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், அதன் பின் அந்தச் சாவுகள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தன. ஒரு ஆத்திர நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான்.

இதன் மறுபக்கம்: லயத்துக்கு லயம் விதவைகள். ஐந்து வீட்டுக் கதவைத் தட்டினால் மூன்றில் தனி அம்மா, கூடவே வெளிநாடு போன மகளின் பிள்ளை.

“போதும் சாமி, எடுத்துக்கிட்டா நல்லது” என்று அம்மா தினமும் சொல்கிறார். உண்மையிலேயே சாக ஆசைப்படுகிறாரா?

என்னிடம் ஆகக் கூடுதலாக வருகிற கேள்வி இது. கொழும்பிலிருந்தும் டுபாயிலிருந்தும் மகள்மார் அழுதுகொண்டே கேட்பார்கள்.

முதலில், அப்படிச் சொல்வது நம்மவர்களின் பேச்சுப் பழக்கம். கோயிலில் கும்பிடும்போதும் சொல்வார்கள், முழங்கால் வலித்தாலும் சொல்வார்கள், மழை விடாவிட்டாலும் சொல்வார்கள். அதே வாயால் மறுநாள் “தைக்கு எனக்கு ஒரு சேலை அனுப்பு” என்பார்கள். நான் சேலைப் பேச்சைத்தான் நம்புவேன்.

ஆனால் கூர்ந்து கேட்டால் அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒன்று இருக்கும். “கெடையில விழாம போய்ச் சேந்துரணும்.” பயம் சாவைப் பற்றியது இல்லை. மருமகள் மலைக்குப் போகும் முன் தன்னைக் கழுவிவிட வேண்டி வருமோ, ஒரு நாள் பேர் விழாமல் அவள் சம்பளம் போகுமோ, பேரன் மூக்கைப் பொத்துவானோ என்பதைப் பற்றியது. நாற்பது வருடம் கூடை சுமந்து ஒரு குடும்பத்தைத் தூக்கியவருக்கு, தன்னை இன்னொருவர் தூக்குவதை ஏற்றுக்கொள்ளத் தெரியவில்லை. எங்கே தெரியும்? அவருடைய அம்மா ஐம்பத்தெட்டில் மூன்று நாள் காய்ச்சலில் போனவர். இருபது வருடம் முதுமையாக இருப்பது எப்படி என்று பார்த்துப் பழக நம் லயத்தில் முன்மாதிரியே இருக்கவில்லை. அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்கிறோம், சாப்பிட்ட பிறகு அவ்வையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கதையில் இல்லை.

அதனால் “அப்படிச் சொல்லாதம்மா” என்று வாயை அடைக்க வேண்டாம். “என்னம்மா கஷ்டமா இருக்கு?” என்று கேளுங்கள். பத்தில் ஏழு தடவை பதில் மிகச் சின்னதாக இருக்கும். காது கேட்கவில்லை, அதனால் யாரும் பேசுவதில்லை. இரவில் கக்கூசுக்குப் போகப் பயம். பல் இல்லாமல் ரொட்டி மெல்ல முடியவில்லை, சொல்ல வெட்கம். சாப்பாடு, தூக்கம், கோயில், சேலை எல்லாமே வேண்டாம் என்று சொல்லி மூலையில் சுருண்டுகொண்டால் அது வேறு. அது மனச்சோர்வு, அதற்கு மருந்து இருக்கிறது, வயதானால் அப்படித்தான் என்று விடாதீர்கள்.

வேலையை விட்ட பிறகு இருபது வருடம் எதை வைத்துச் சாப்பிடுவது?

அறுபதை எட்டிய ஒருவருக்கு இந்த நாட்டில் சராசரியாக இன்னும் இருபது வருடம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு மாதாந்தப் பென்ஷன் இல்லை. இருப்பது ஊழியர் சேமலாப நிதி, ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை. மூன்றுமே ஒரே தடவையில் கைக்கு வருகிற காசு.

பணிக்கொடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருட சேவைக்கு 14 நாள் சம்பளம். முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவருக்கு 490 நாள் சம்பளம். இருபது வருடம் என்பது 7,300 நாள். சம்பளம் எவ்வளவு கூடினாலும் இந்த விகிதம் மாறாது. சேமலாபத்தில் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் போடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1990இல் போட்டது 1990 சம்பளத்தில் போட்டது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, வங்கியில் போட்டு வைத்தவர்கள் பலர் ஒரே வருடத்தில் ஏழையானார்கள்.

அந்தக் காசு எங்கே போகிறது என்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மகள் கல்யாணம், மகன் ஆட்டோ, கூரைத் தகரம். தப்பு என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளிடம் போட்டால் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பதுதான் நம்மவர்களின் பென்ஷன் திட்டம், சில வீட்டில் பலித்தும் இருக்கிறது. என் ஆலோசனை ஒன்றுதான்: நாலில் ஒரு பங்கையாவது உங்கள் பேரிலேயே வையுங்கள், யாரிடமும் தொகையைச் சொல்லாதீர்கள்.

2021இல் வந்த சட்டம் தனியார் துறையில் ஓய்வு வயதைப் படிப்படியாக 60 ஆக்கியது. அலுவலகத்தில் இருப்பவருக்கு நல்ல செய்தி. சரிவில் நின்று தினமும் 18, 20 கிலோ கொழுந்து சுமக்கிற முதுகிடம் கேட்டால் வேறு பதில் வரும். ஆனாலும் வேலையை விட்டு நின்ற பிறகும் அன்றன்று கூலி வாங்குகிற கைக்காசு வேலைக்குப் போகிற எழுபது வயதுக்காரிகளை எனக்குத் தெரியும். அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம், முதியோர் கொடுப்பனவு இரண்டுக்கும் தகுதி இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்காததால் விட்டவர்கள் நிறையப் பேர்.

லயக் காம்பராவில் வயதானவரை எப்படி வைத்துப் பார்ப்பது?

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதைக் கட்டியவன் அதில் வேலை செய்கிற ஆட்கள் தூங்குவார்கள் என்று நினைத்தான், ஒருவர் அங்கே எண்பது வயதாவார் என்று நினைக்கவில்லை. அதனால் பெரியவர் இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்குப் போகிறார். குளிர், சாரல், அடுப்புப் புகை மூன்றும் அங்கேதான்.

நான் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் பார்ப்பது கக்கூஸ் போகிற வழியை. பல லயங்களில் அது பதினைந்து இருபது படி கீழே, குந்தி உட்காருகிற மாதிரி. இரவில் போகப் பயந்து மாலை நாலு மணிக்குப் பிறகு பல பாட்டிகள் தண்ணீரே குடிப்பதில்லை. அப்புறம் தலைசுற்றல், சிறுநீர்க் கடுப்பு, மலச்சிக்கல். போகிறவர்கள் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்த எண்பது வயதுக்காரர் பழையபடி நடப்பது அபூர்வம். ஒரு கம்பியைப் படியோரம் அடித்து, நடு ஓட்டையுள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வைத்து, ஒரு பல்ப் போட்டால் மூவாயிரம் நாலாயிரம் மாத்திரை செய்யாததைச் செய்யும்.

1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வருகிறது, இலவசம், நல்ல சேவை. தார் ரோடு வரை வரும். அங்கிருந்து லயம் வரை இப்போதும் நாலு பேர் கம்பளியில் வைத்துத்தான் தூக்க வேண்டும். அந்த நாலு பேர் தோட்டத்தில் இருக்கிறார்களா என்பதுதான் இன்றைய பிரச்சினை. இளைஞர் எல்லாம் கொழும்பில். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் கட்டும்போதே கக்கூசை வீட்டோடு ஒட்டிக் கட்டுங்கள், வாசலில் படிக்குப் பதில் சரிவு வையுங்கள்.

பிள்ளைகள் பார்க்காவிட்டால் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அறுபது வயதான பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது. பராமரிப்புச் சபையில் முறையிட்டுச் செலவுக்குக் காசு கேட்கலாம். எங்கள் சங்கத்தில் இதுவரை ஒருவரும் முறையிட்டதில்லை. “எம்புள்ள மேல நானே கேஸ் போடுறதா?” என்பார்கள்.

தோட்டத்தில்தான் சங்கம் இருக்கிறதே, அது போதாதா?

இருப்பது மரணாதார சங்கம். மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். ஒருவர் செத்தால் பெட்டி, பந்தல், கொட்டகைக்கு நாற்காலி, தேத்தண்ணி எல்லாம் கௌரவமாக நடக்கும். நம் ஆட்கள் கட்டிய மிகச் சிறந்த அமைப்பு அது, ஒரு சதம்கூட வீணாகாமல் நடக்கும் இடங்கள் உண்டு. ஆனால் ஒரு பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து, அந்தச் சந்தாவோடு கூட இருபது ரூபாய் போட்டு, ஒரு சக்கர நாற்காலியும் இரண்டு நடைக்கம்புச் சட்டமும் வாங்கிப் பொதுவில் வைப்போம் என்றேன். ஒரு பெரியவர் சிரித்தார். “டீச்சர், செத்தவனுக்குச் செலவழிச்சா ஊர் பாக்கும். கெடக்குறவனுக்குச் செலவழிச்சா யார் பாப்பா?” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாலு கூட்டத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி வாங்கினோம். முதலில் உபயோகித்தவர் அவர்தான்.

இளவட்டங்கள் “ஐம்பது அறுபது போதும்” என்கிறார்களே?

சொல்லட்டும். நாற்பத்தொன்பதில் வந்து கேளுங்கள்.

மனிதன் அதிகபட்சம் எத்தனை வயது வரை இருக்கலாம்?

பதிவுகளோடு உறுதியானது பிரான்சைச் சேர்ந்த ழான் கல்மோன் என்ற பெண்மணியின் 122 வருடமும் 164 நாளும். 1997இல் இறந்தார். அதற்குப் பிறகு யாரும் அதைத் தாண்டவில்லை. சராசரி ஆயுள் இரண்டு மடங்கு ஆனாலும் உச்சவரம்பு அவ்வளவாக நகரவில்லை.

எனக்கு 78. நாட்டின் சராசரியே 77தானாம். இனிமேல் கண் ஆபரேஷன் எதற்கு?

இதைக் கேட்டவர் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கிற தாத்தா. இரண்டு கண்ணிலும் புரை.

77 என்பது இன்று பிறக்கிற பிள்ளைக்குப் போட்ட கணக்கு. சின்ன வயதில் போகிறவர்களையும் சேர்த்துப் பிரித்தது. 78க்கு வந்துவிட்டவர் அந்த ஆபத்தை எல்லாம் தாண்டி வந்தவர். அவருக்குச் சராசரியாக இன்னும் எட்டுப் பத்து வருடம் இருக்கிறது. கடன் தவணை முடிந்துவிட்டது என்பது போல் உட்கார வேண்டியதில்லை. புரை ஆபரேஷன் அரச ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள், ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு அரை மணி நேர வேலை.

இதையெல்லாம் நான் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. பேத்திதான் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனாள். வலது கண்ணின் கட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று பார்க்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் காம்பராவைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டு, “செவுரெல்லாம் இப்புடிக் கரி புடிச்சுக் கெடக்கு, இத்தனை வருசமா ஒருத்தருக்கும் வெள்ளையடிக்கத் தோணலையா?” என்று சத்தம் போட்டு, பேத்தியைச் சுண்ணாம்பு வாங்க டவுனுக்கு அனுப்பினார்.